முதுகுப் பக்கத்து வெளிச்சம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லோருக்கும் நான் கண்டி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். எத்தனை முறை திருத்திச் சொல்லியும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஹுன்னஸ்கிரியவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், யாராவது ஒருவர் முழங்காலைத் தடவிக்கொண்டே கூட நடந்து வருவார், தேதியைக் கொஞ்சம் முன்னுக்கு எடுத்துத் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு. அம்மா இதை மறுத்துச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டாள். வானத்து எக்ஸ்ரே என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆஸ்பத்திரி என்றால் மரியாதையாவது கிடைக்கும் என்பது அவள் கட்சி.

நான் வானத்துக்கு எக்ஸ்ரே எடுக்கிறவளும் இல்லை. வானம் தானாகவே எக்ஸ்ரே விடுகிறது. நம் பால்வீதியைப் போன்ற பேரடைகள் நூற்றுக்கணக்கில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஒரு கொத்தாக இருக்கும். அந்தப் பேரடைகளுக்கு நடுவில் வெறும் இருட்டு என்று கண் சொல்லும். கண் சொல்வது பொய். அங்கே பல கோடி பாகை சூடான வாயு நிறைந்து கிடக்கிறது, அது எக்ஸ்ரேயில் பளபளவென்று எரிகிறது. நம் காற்று மண்டலம் எக்ஸ்ரேயைக் கீழே விடாது. அதனால் பூமிக்கு மேலே சுற்றும் தொலைநோக்கிகள் அதைப் பிடித்து அனுப்புகின்றன. பிடித்த ஆட்கள் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்த பிறகு அதை எல்லோருக்கும் திறந்து விடுகிறார்கள். இணையம் ஒழுங்காக வேலை செய்யும் நாளில் நானும் இறக்கிக்கொள்வேன். கண்டியில் மழை பெய்தாலும் பனி மூடினாலும் எனக்கு ஒன்றுதான், வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டிய தேவையே வருவதில்லை.

இந்த வேலையை விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் கண்டிப் பக்கத்தில் என்னைத் தவிர ஒருவர்தான் இருந்தார். அவரை எனக்குப் பிடிக்காது.

கண்டியைச் சுற்றியிருக்கும் எந்தக் கல்வி நிலையம் என்று சொல்லப் போவதில்லை. நான் அங்கே தற்காலிக விரிவுரையாளர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சிரேஷ்ட விரிவுரையாளர், வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் எடுத்துவிட்டு வந்தவர். இடப் பற்றாக்குறை என்று எங்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். வந்த முதல் கிழமையிலேயே அவர் இரும்பு அலுமாரியை இழுத்து நடுவில் வைத்தார். ஜன்னலும் காற்றாடியும் அவர் பக்கம் போயின. என் பக்கத்துக்குக் கதவும், கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வரப் பார்க்கும் குரங்குகளும் மிஞ்சின.

அவர் கெட்ட மனிதர் என்று சொன்னால் விஷயம் சுலபமாகிவிடும். கெட்ட வார்த்தை ஒன்றும் அவர் வாயிலிருந்து வராது. யாராவது வெளியாட்கள் வந்தால் என்னைக் காட்டி, "இது தோட்டத்தில இருந்து வந்த பிள்ளை, நல்லாச் செய்யுது" என்பார். ஒவ்வொரு முறையும் அதே வசனம். வந்தவர்கள் என்னைப் பார்த்துப் புன்னகைப்பார்கள், நடக்கப் பழகிய குழந்தையைப் பார்ப்பதைப் போல. அவர் தன் பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீரை ஊற்றி ஒரு வாய் குடித்துவிட்டு, மலைநாட்டில் இருந்துகொண்டும் நல்ல தேத்தண்ணீர் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்வார். சொல்லும்போது அலுமாரியின் ஓரத்தால் என்னைப் பார்ப்பார். கொழுந்து பறித்ததும் நான், கெடுத்ததும் நான் என்ற மாதிரி இருக்கும் அந்தப் பார்வை. நானும் சும்மா இருக்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் எழுதும் வசனங்கள் முடிவே இல்லாமல் நீளும். அதை வெட்டிச் சுருக்கி அவருக்கே திருப்பி அனுப்புவதில் எனக்கு ஒரு தனிச் சுகம் இருந்தது.

அப்போது நாங்கள் இருவரும் ஒரே சோடிக் கொத்துகளில் வேலை செய்துகொண்டிருந்தோம். தரவைக் கழுவித் துடைப்பது என் பங்கு. சூரியன் குமுறும்போது துகள்கள் வந்து தொலைநோக்கியில் அடித்து, படம் முழுக்கப் பொய் வெளிச்சம் பரப்பும். அந்த நேரத்துப் பதிவுகளைத் தேடி வெட்ட வேண்டும். தூரத்துக் கருந்துளைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றிவளைத்து ஓட்டை போட்டு எடுக்க வேண்டும். கடைசியில் மிஞ்சுவது சல்லடை போன்ற ஒரு படம். மாதக்கணக்கில் அந்தச் சல்லடையோடு குந்தியிருந்து கண் சிவந்தவள் நான். அதை மெழுகித் தடவி அழகான வண்ணப் படமாக்கியவர் அவர்.

அந்த வண்ணப் படத்தில் இரண்டு கொத்துகளுக்கும் நடுவில் மெல்லிய ஒளிப்பட்டை ஒன்று தெரிந்தது.

அது என்னவாக இருக்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்த சண்டைக்கு அர்த்தமில்லை. பிரபஞ்சத்தில் பொருள் எல்லா இடத்திலும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. பெரிய வலை மாதிரி இருக்கிறது. கொத்துகள் அந்த வலையின் முடிச்சுகள். முடிச்சுக்கு முடிச்சு இழை ஓடுகிறது. முடிச்சுகளை எக்ஸ்ரேயில் பார்ப்பது லேசு. இழையிலிருக்கும் வாயு மிக மெல்லியது, கண்டுபிடித்தேன் என்று துணிந்து சொல்லக்கூடியவர்கள் உலகத்திலேயே கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவராகும் வாய்ப்பு, குரங்கு நுழையும் எங்கள் அறைக்குள் வந்து நின்றது.

"இதைப் பாரும். பாலம். வடிவாத் தெரியுது" என்றார். அவர் குரல் நடுங்கியதை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கேட்டேன்.

நானும் பார்த்தேன். எனக்கும் அது பாலமாகத்தான் தெரிந்தது. நிரந்தரப் பதவிக்கு விளம்பரம் வரப்போகிறது என்று நிர்வாகக் கந்தோரில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. என் ஒப்பந்தம் வருடா வருடம் யாரோ கையெழுத்துப் போட்டால்தான் நீளும். நல்ல ஆய்விதழில் ஒரு கட்டுரை, அதில் இரண்டாவதாக என் பெயர், அது இருந்தால் பதவி அநேகமாக என் கையில். இல்லாவிட்டால் கண்டி டவுனில் ஏதாவது ஒரு டியூட்டரியில் உயர்தர மாணவர்களுக்கு ஊசல் பாடம் நடத்திக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அது கேவலமான வேலை என்று சொல்லவில்லை. எனக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

ஆனால் அவர் அளந்த விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. நடுவில் இருக்கும் வெளிச்சம் இரண்டு கொத்துகளின் வெளிச்சத்தைவிட அதிகமா என்று சொல்ல, கொத்துகள் தனியாக எவ்வளவு வெளிச்சம் தருகின்றன என்று முதலில் தெரிய வேண்டும். அவர் அதைப் பக்கவாட்டில் அளந்திருந்தார். கொத்துகள் உருண்டை என்றால் அது சரி. இந்த இரண்டும் உருண்டை இல்லை. இழை வழியாகத்தான் பொருள் வந்து விழும், அதனால் கொத்து அந்தத் திசையிலேயே நீண்டு கிடக்கும். நீளமாகப் படுத்திருக்கும் ஆளின் இடுப்பை அளந்துவிட்டு உயரம் இவ்வளவு என்று சொல்ல முடியுமா?

அடுத்த நாள் அலுமாரியைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கம் போய் நின்று சொன்னேன்.

"நடுவுல மட்டும் பாத்துட்டுப் பாலம்னு சொல்ல முடியாது சார். ரெண்டு கொத்துக்கும் முதுகுப் பக்கம் பாக்கணும். எங்க ஊருல பனி எறங்குனா ரெண்டு ரோட்டு லைட்டுக்கு நடுவுல வெள்ளையாத் தெரியும். லைட்டுக்கு அந்தப் பக்கமும் அதே வெள்ளை இருக்கும். அதை யாரும் பாலம்னு சொல்ல மாட்டாங்க."

நான் அந்த முதுகுப் பக்கத்தை ஏற்கெனவே அளந்து பார்த்திருந்தேன். அங்கேயும் ஏறக்குறைய அதே வெளிச்சம்தான். படத்தை அவர் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"நீர் கொஞ்சம் கூடுதலா யோசிக்கிறீர்" என்றார். பிறகு, தரவு துடைக்கிறதில் நான் கெட்டிக்காரி என்றும், இந்த மாதிரி விஷயங்களுக்கு இன்னும் கொஞ்சம் அனுபவம் தேவை என்றும் மிகவும் பண்பாகச் சொன்னார். ரோட்டு விளக்கு உதாரணம் நல்லாயிருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்றார். எனக்கு உச்சந்தலையில் நெருப்பு வைத்தது போல இருந்தது. அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து, கதிரையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகும் விடவில்லை. வாயால் இன்னொரு முறை சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பிளாஸ்கின் மூடியைத் திருகினார். கட்டுரை எழுதி முடிந்தது. தலைப்பிலேயே பாலம் இருந்தது. என் பெயர் இரண்டாவதாக இருந்தது. அனுப்புவதற்கு முன்னால் போய், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

அவர் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"எடுத்தால் திரும்பிப் போடேலாது. வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சிட்டேன் சார்."

யோசித்தேனா? அந்த வார இறுதி ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குக் கொத்தும் தெரியாது, பாலமும் தெரியாது. ஆனால் விஷயத்தின் நடுவை நேராகப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு இருந்துட்டுப் போகட்டுமே. நீயா பொய் சொன்ன? அந்த ஆளுதானே சொல்றாரு."

அன்று அம்மாவோடும் சண்டை. திரும்பி வரும்போது பஸ் நிறைய சனம், என் பக்கத்தில் இருந்தவர் ஒரு பெரிய பலாப்பழத்தை மடியில் வைத்திருந்தார், அவரோடும் சண்டை. கட்டுகஸ்தோட்டையில் என் அறைக்கு வந்து சேர்ந்த பிறகும் எனக்கு என் மேல் ஒரு துளி சந்தேகம் வரவில்லை. பயம் மட்டும் நிறைய இருந்தது.

கட்டுரை அவர் பெயரில் மட்டும் போனது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரையை எங்கேயோ இருக்கும் ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்புவார்கள். அவர் யார் என்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். சில மாதம் கழித்து அவருடைய குறிப்பு வந்தது. அன்று அலுமாரிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்க் திறக்கும் சத்தம்கூட இல்லை. அதற்குப் பிறகு சில கிழமைகள் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சுத்தமாக்கிய தரவு எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். சொன்னேன்.

கட்டுரை வெளிவந்த அன்றுதான் எனக்கு விளங்கியது. தலைப்பில் இருந்த பாலம் காணாமல் போயிருந்தது. இரண்டு கொத்துகளும் ஒன்றை நோக்கி ஒன்று நீண்டிருக்கின்றன, நடுவில் தெரிவது அவற்றின் ஓரம்தான், தனியாக இழை என்று சொல்ல ஆதாரம் போதாது என்று எழுதியிருந்தது. முதுகுப் பக்கத்து அளவு ஒரு முழுப் படமாகப் போட்டிருந்தது. என் மேசையில் கிடந்த அதே படம். கடைசியில் நன்றியுரை. முதுகுப் பக்கத்தோடு ஒப்பிடும்படி ஆலோசனை சொன்ன, பெயர் தெரியாத மதிப்பீட்டாளருக்கு மனமார்ந்த நன்றி.

அச்செடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"இதை நான் சொன்னேன் சார். இதே அறையில. ரெண்டு தரம்."

அவர் நன்றியுரையில் மதிப்பீட்டாளர் என்ற சொல்லை விரலால் தொட்டார். "அவர் எழுத்தில தந்தவர்" என்றார்.

அவ்வளவுதான். முகம் தெரியாத யாரோ ஒருவன், எந்த நாட்டில் இருக்கிறானோ, அவன் சொன்னால் அது ஆலோசனை. பத்தடி தூரத்தில் நின்று நான் சொன்னால் அது கூடுதலாக யோசிப்பது. பொய்யாக இருந்தபோது அந்தக் கட்டுரையில் என் பெயர் இருந்தது, உண்மையானபோது என் பெயர் இல்லை. அன்றிலிருந்து அவருக்கு நான் காலை வணக்கம்கூடச் சொன்னதில்லை. அவர் கதைத்தால் ஒரு சொல்லில் பதில். அவர் வருகிறார் என்று தெரிந்தால் கதவைச் சாத்துவேன். சின்னத்தனம்தான். அந்தக் கோபம் இல்லாமல் அந்த வருடத்தை என்னால் ஓட்டியிருக்க முடியாது.

பதவிக்கு விளம்பரம் வந்தது. விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் நீள மேசை, தலைமைக் கதிரையில் ஒரு சிங்களப் பேராசிரியை, கண்டிப்புக்குப் பெயர்போனவர். துறையின் சார்பில் என் அறைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவரைத் தவிர வேறு யாரைப் போடுவார்கள், இந்த விஷயம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லையே.

எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. பேராசிரியை என் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு நேராகவே கேட்டார். அந்தக் கட்டுரைக்கான தரவு வேலை முழுக்க நீதான் செய்தாய் என்று துறையில் எல்லோருக்கும் தெரியும், உன் பெயர் ஏன் இல்லை, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்ய உனக்கு வராதா?

இந்தக் கேள்வி வந்தால் மழுப்பிவிட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு கட்டியிருந்தேன். ஆளை எதிரில் வைத்துக்கொண்டு ஆளைப் பற்றிச் சொன்னால் வம்புக்காரி என்று ஆகிவிடும். ஆனால் என் வாய் எனக்கு எப்போது அடங்கியிருக்கிறது? முதலில் எழுதிய முடிவு பிழை, பிழை என்று சொன்னேன், ஏற்கவில்லை, அதனால் பெயரை எடுக்கச் சொன்னேன் என்றேன். வெளிவந்த கட்டுரையில் பிழை இல்லையே என்றார் பேராசிரியை. பிறகு திருத்தினார்கள் என்றேன். யார் திருத்தியது என்று கேட்டார்.

நான் என் அறைக்காரர் பக்கம் திரும்பினேன். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அவர் ஒரு "இல்லை" சொன்னால் போதும். ஞாபகமில்லை என்றாலும் போதும். என் கதை அந்த மேசையிலேயே முடிந்துவிடும். அவர் சொல்லப் போவது அதுதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும், அதற்கான வசவைக்கூட மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவர் பரீட்சை விதிகளை வாசிக்கும் அதே வறண்ட குரலில் சொன்னார். திருத்தம் இந்தப் பெண்ணுடையது. மதிப்பீட்டாளர் பல மாதம் கழித்து அதையே சொன்னார். இவள் சொன்னபோது நான் ஏற்கவில்லை, அவர் சொன்னபோது ஏற்றேன். இரண்டுக்கும் இடையில் பௌதிகவியலில் ஒரு வித்தியாசமும் இருக்கவில்லை.

சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பேராசிரியை ஏதோ குறித்துக்கொண்டார்.

நியமனக் கடிதம் வந்தது. அம்மா லயம் முழுக்கப் பாயாசம் கொடுத்தாள், ஆஸ்பத்திரியில் நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்று சொல்லி. நான் அறைக்குப் போனேன். வேறு அறை கேட்டிருந்தேன், இல்லை என்றுவிட்டார்கள். அவர் அலுமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பேசினார்.

"நன்றி சொல்ல வந்தனீரெண்டால் வேண்டாம்."

"சொல்ல வரல சார்."

"நல்லது. நீர் பேரை எடுத்த கோவம் எனக்கு இன்னும் போகேல்லை."

"எனக்கும் எதுவும் போகல சார்."

உண்மையைச் சொன்னால், அவர் அன்று அங்கே பொய் சொல்லியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஆயுசு முழுக்க வைத்துத் தின்பதற்கு ஒரு கோபம் கையில் இருந்திருக்கும். அதையும் அவர் ஒரு நிமிடத்தில் அரைகுறையாக்கிவிட்டார். அவரைப் பிடிக்கவில்லை என்பது மட்டும் அப்படியே இருந்தது, காரணம் பாதிதான் மிச்சம். தோட்டத்தில் இருந்து வந்த பிள்ளை என்று மட்டும் பிறகு சொல்வதில்லை. சொல்லாமல் விட்டதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

போன மழைக்காலம், நான் வேறொரு சோடிக் கொத்துகளைத் துடைத்து முடித்திருந்தேன். தனியாக, என் சொந்த வேலை. திரையில் இரண்டு கொத்து, நடுவில் மங்கலாக ஒரு பட்டை. ஆசையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரங்கு வராமல் கதவைச் சாத்தப் போனவர் திரும்பும் வழியில் என் தோளுக்குப் பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

"முதுகுப் பக்கம் பாத்தனீரோ?" என்றார்.

என் வாயிலிருந்து போன கேள்வி. தன் வீட்டுச் சாமான் மாதிரி எடுத்து என்னிடமே கேட்கிறார். இன்னும் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் தன் பக்கம் போய்விட்டார். எனக்கு அவரை இழுத்து வைத்து அடிக்க வேண்டும் போல் இருந்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கொத்தின் முதுகுப் பக்கத்தை அளந்தேன். இருட்டு. பிழை விட்டிருப்பேன் என்று மறுபடி அளந்தேன். இருட்டு. இரண்டாவது கொத்து, அதன் பின்புறமும் இருட்டு. வெளிச்சம் நடுவில் மட்டும்தான் இருந்தது. இன்னும் பத்துச் சோதனை செய்ய வேண்டும், அதில் எதிலாவது இது உடைந்து போகலாம், அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் யாரிடமாவது உடனே சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல் இருந்தது.

அம்மாவுக்கு எடுக்கப் போனேன். எண்ணைப் பாதி அழுத்திவிட்டு நிறுத்தினேன். என்ன சொல்வது? இந்த மலைநாடு முழுக்கத் தேடினாலும் இதைச் சொன்னால் விளங்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் அலுமாரிக்கு அந்தப் பக்கம் பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார். வயிறு எரிந்தது. கொஞ்ச நேரம் எரியவிட்டேன்.

பிறகு, "சார்" என்று கூப்பிட்டேன்.